அல்லேலூயா: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது?

சங்கீதப்பிரியன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. உயிர்த்தெழுந்த திருநாளுக்காக 113ஆம் சங்கீதத்தைப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, குழுவில் உள்ள ஒரு கல்லூரி மாணவி, "அல்லேலூயா என்றால் என்ன பொருள், அதை ஏன் தமிழாக்காமல் விட்டார்கள்?" என்று கேட்டார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று பொருள் சொன்னேன். அந்த விடை எனக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. அச்சங்கீதம் இந்தச் சொல்லில் தொடங்கி இந்தச் சொல்லிலேயே முடிகிறது. புதிய ஏற்பாட்டில் தேடினால் வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில் மட்டும் நான்கு முறை வருகிறது, வேறெங்கும் இல்லை.

மேலும், "பித்தனைப் போலத் தன்னை மறந்து ஆர்ப்பரிப்பதே இதன் மூலப் பொருள்" என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். "இது அரபியிலுள்ள ஹலால் என்ற சொல்லே" என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இவற்றில் எது சரி என்பதை எபிரெயம் அறிந்தவர்கள் ஆதாரத்தோடு விளக்கினால், அந்த மாணவிக்குத் தெளிவான பதிலைச் சொல்ல முடியும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி, ஐயா. முதலில் சொல்லின் அமைப்பைப் பார்த்துவிட்டால் மற்றவை தாமாக விளங்கும்.

அல்லேலூயா என்பது பெயர்ச்சொல் அன்று. அது ஒரு முழு வாக்கியம். எபிரெயத்தில் "ஹலெலூ", "யாஹ்" என்று இரண்டு பகுதிகள் உள்ளன. "ஹலெலூ" என்பது துதித்தல் என்று பொருள்படும் வினையின் ஏவல் பன்மை. முன்னிலையில் இருக்கும் பலரை நோக்கி "துதியுங்கள்" என்று சொல்வது. ஒருவனை மட்டும் ஏவுவதானால் "ஹலேல்" என்றே வந்திருக்கும். "யாஹ்" என்பது இஸ்ரவேலரின் கடவுளுக்குரிய நான்கெழுத்துப் பெயரின் (யாவே, யெகோவா என்று இன்று சொல்லப்படுவது) சுருங்கிய வடிவம். செங்கடலைக் கடந்தபின் பாடப்பட்ட பாட்டில், யாத்திராகமம் 15ஆம் அதிகாரம் 2ஆம் வசனத்தில், இந்தச் சுருங்கிய வடிவம் தனியாகவே வருகிறது. ஏசாயா, எரேமியா, எலியா, செப்பனியா என்று நாம் சொல்லும் பெயர்களின் இறுதியில் உள்ள "யா"வும் இதுவே. ஆகவே சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், "யாவைத் துதியுங்கள்" என்பதே அல்லேலூயா.

நீங்கள் சொன்ன "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்பது பேசுபவர் தாமே துதி செலுத்துவது. அல்லேலூயாவோ கூடியிருப்போரைத் துதிக்கும்படி அழைப்பது. இன்று நாம் தனியாக இருக்கும்போதும் மகிழ்ச்சியில் இதைச் சொல்கிறோம். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லின் இலக்கணம் ஒரு கூட்டத்தை எதிர்பார்க்கிறது என்பதை மறந்துவிட்டால், சங்கீதங்களில் அது வரும் இடங்கள் விளங்காமல் போகும்.

எபிரெயச் சங்கீதப் புத்தகத்தில் இச்சொல் 24 முறை வருகிறது. முதன்முறை வருவது 104ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில்; கடைசி முறை 150ஆம் சங்கீதத்தின் இறுதியில். அதாவது, ஐந்து பாகங்களாகப் பகுக்கப்பட்ட அந்தப் புத்தகத்தின் முதல் மூன்று பாகங்களில் ஒருமுறைகூட இல்லை. ஆலய வழிபாட்டில் பலர் சேர்ந்து பாடுவதற்காகத் தொகுக்கப்பட்ட பிற்பகுதிப் பாடல்களிலேயே இது குவிந்திருக்கிறது.

இது கூட்டத்தின் சொல் என்பதற்கு வேதத்திலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 106ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில், ஜனங்களெல்லாரும் "ஆமென், அல்லேலூயா" என்று சொல்லும்படி கூறப்படுகிறது. இதே பகுதியை 1 நாளாகமம் 16ஆம் அதிகாரம் எடுத்தாளுகிறது. அங்கே 36ஆம் வசனத்தில், ஜனங்கள் ஆமென் என்று சொல்லிக் கர்த்தரைத் துதித்தார்கள் என்று நடந்த செய்தியாக எழுதப்பட்டுள்ளது. சங்கீதத்தில் கட்டளையாக இருப்பது நாளாகமத்தில் ஜனங்களின் செயலாகிவிடுகிறது. ஒருவர் அழைக்க மற்றவர்கள் நிறைவேற்றும் வழக்கத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஞாயிறுமணி எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னதைக் கத்தோலிக்க வழிபாட்டின் பக்கத்திலிருந்து உறுதிப்படுத்த விரும்புகிறேன். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பின்போது, நற்செய்திக்கு முன் குருவானவர் அல்லேலூயாவை மூன்று முறை தொடங்கிப் பாடுவார். ஒவ்வொரு முறையும் சுருதி உயரும். மக்கள் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிப் பாடுவர். திருநீற்றுப் புதன் முதல் அந்த இரவு வரை தவக்காலம் முழுவதும் எங்கள் வழிபாட்டில் இச்சொல் ஒலிப்பதில்லை. ஆகவே நாற்பது நாளுக்கு மேல் கேட்காத சொல்லை அந்த இரவில் கேட்கும்போது, அது அழைப்பு என்பது யாரும் சொல்லாமலேயே புரிந்துவிடும்.

ஆனால் இந்த வழக்கம் எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவானதன்று. கீழைத் திருச்சபைகளில் பைசாந்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றுவோர் தவக்காலத்திலும் அல்லேலூயா பாடுகின்றனர். அடக்கச் சடங்கிலும் பாடுகின்றனர். பழங்காலத்தில் மேற்கிலும் அப்படி இருந்திருக்கிறது. உரோமையில் பபியோலா என்ற பெண்மணியின் அடக்கத்தின்போது எழுந்த திருப்பாடல்களும் அல்லேலூயாவும் பொன்வேய்ந்த கூரைகளை அதிரச் செய்தன என்று, வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ் எழுதியிருக்கிறார். பாஸ்கா காலத்துக்கு வெளியே அல்லேலூயா பாடுவதைப் பற்றிக் குறை எழுந்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரி 598இல் சிரக்கூசு நகர ஆயருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது. எனவே இது மகிழ்ச்சிக்கு மட்டும் உரிய சொல் என்று சுருக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

வேர்த்தேடல் எழுதியது:

எனக்கு ஓர் ஐயம். இந்த வேருக்கு "ஒளிர்தல்" என்றும் பொருள் உண்டு என்று படித்திருக்கிறேன். ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் விடிவெள்ளி என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் மூலத்தில் "ஹேலேல்" என்ற சொல்லே இருக்கிறது. அப்படியானால் அல்லேலூயா என்பதற்கு "கடவுளை ஒளிரச் செய்யுங்கள்" என்று பொருள் கொள்ளலாமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஹேலேல் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. எபிரெய அகராதிகள் ஹ-ல-ல என்ற மூன்று மெய்களின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட வினைகளைத் தனித்தனியாகக் காட்டுகின்றன: ஒளிர்தல் ஒன்று, துதித்தல் ஒன்று, அறிவிழந்து நடத்தலை மூன்றாவதாகப் பிரிப்போரும் உண்டு. இவை ஒரு வேரின் கிளைகளா, ஒலியால் ஒன்றுபோல் அமைந்த வெவ்வேறு வேர்களா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஒரே வேர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பொருளை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைப்பது முறையாகாது. தமிழில் "நகை" என்ற சொல் சிரிப்பையும் ஒளியையும் அணிகலனையும் குறிக்கிறது; அதற்காக நகை வரும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று பொருளையும் நாம் ஏற்றுவதில்லை, இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. எபிரெயத்திலும் அப்படியே. ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில், பார்வோனின் பிரபுக்கள் சாராயைக் கண்டு பார்வோனிடம் புகழ்ந்து பேசினார்கள் என்ற இடத்தில் இதே வினைதான் இருக்கிறது. 2 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தில் அப்சலோமின் அழகைச் சொல்லும்போதும், நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் குணசாலியான மனைவியைக் கணவன் புகழும்போதும் இதே வினை. அங்கெல்லாம் ஒளிரச் செய்தல் என்ற பொருளுக்கு இடமே இல்லை. ஒருவருடைய சிறப்பைப் பிறர் கேட்க எடுத்துரைப்பதுதான் இந்த வினையின் நடைமுறைப் பொருள். இப்படி மனிதர்களிடையே புழங்கிய ஒரு சாதாரண வினை வழிபாட்டுக்குள் வந்து நிலைத்தது என்பது, ஒளியைப் பற்றிய விளக்கத்தைவிட எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

சங்கீதப் புத்தகத்தின் எபிரெயப் பெயரான "தெஹில்லீம்" என்பதும் இந்த வினையிலிருந்து பிறந்ததே. பஸ்கா இரவில் யூதர்கள் பாடும் 113 முதல் 118 வரையிலான சங்கீதத் தொகுதிக்கு "ஹல்லேல்" என்றே பெயர்.

கீழைக்கடல் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். அரபி படித்தவன் என்ற முறையில் ஹலால் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

அல்லேலூயாவுக்கும் ஹலாலுக்கும் தொடர்பு இல்லை. தமிழில் இரண்டையும் "ஹ" என்ற ஒரே எழுத்தால் எழுதுவதால் வரும் மயக்கம் இது. அரபியில் இரண்டு ஹகரங்கள் உண்டு. அனுமதிக்கப்பட்டது என்னும் பொருளுடைய ஹலாலில் வருவது தொண்டையை இறுக்கி ஒலிக்கும் ஹகரம். பிறையைக் குறிக்கும் ஹிலாலில் வருவது மூச்சாக வெளிவரும் மென்மையான ஹகரம். அல்லேலூயாவின் வேர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அரபியில் அதற்கு உறவான சொற்கள் இருக்கின்றன. புதிய பிறையைக் கண்டு குரலெழுப்புவதையும், ஹஜ்ஜின்போது தல்பியா என்ற யாத்திரிகர் முழக்கத்தை உரக்கச் சொல்வதையும் "இஹ்லால்" என்பர். "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று மொழிவதை நாம் "தஹ்லீல்" என்கிறோம். திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயம் 173ஆம் வசனத்தில், அல்லாஹ் அல்லாத மற்றவற்றின் பெயர் ஓதப்பட்டவை விலக்கப்படும் இடத்தில் வரும் "உஹில்ல" என்ற வினையும் இந்த வேரைச் சேர்ந்ததே. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது குரலை உயர்த்துவது. ஆகவே ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன "பிறர் கேட்க எடுத்துரைத்தல்" என்பது அரபி வழியாகப் பார்த்தாலும் பொருந்துகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மிக்க நன்றி, பாய். நீங்கள் சொன்ன இரண்டு ஹகர வேறுபாடு எபிரெயத்திலும் உண்டு. அங்கே அது இன்னும் கூர்மையானது. மூச்சொலியாக வரும் எழுத்துக்கு "ஹே" என்று பெயர். தொண்டையில் உரசி வரும் எழுத்துக்கு "ஹேத்" என்று பெயர். இன்றைய சதுர எபிரெய எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம்; ஹே என்ற எழுத்தின் இடது கால் மேற்கோட்டைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டு நிற்கும், ஹேத்தில் தொட்டு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் ஹேயோடு எழுதினால் "துதித்தல்" என்று பொருள்படும் வினை, ஹேத்தோடு எழுதினால் "தீட்டுப்படுத்துதல், பரிசுத்தத்தைக் குலைத்தல்" என்று பொருள்படும்.

இதைப் பற்றி லேவியராகமத்துக்கான பழைய யூத விளக்கவுரைத் தொகுப்பான வாயிக்ரா ரப்பாவில் ஓர் அருமையான பகுதி இருக்கிறது. சுவாசமுள்ள யாவும் கர்த்தரைத் துதிப்பதாக என்னும் 150ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் ஹேயை ஹேத்தாக மாற்றினால் உலகம் முழுவதையும் அழித்தவனாவாய் என்றும், கடவுளின் பரிசுத்த நாமத்தைத் தீட்டுப்படுத்தாதீர்கள் என்னும் லேவியராகமம் 22ஆம் அதிகாரத்து வசனத்தில் ஹேத்தை ஹேயாக மாற்றினாலும் அப்படியே ஆகும் என்றும் அது எச்சரிக்கிறது. முதல் மாற்றத்தில் "எல்லா உயிரும் தீட்டுப்படுத்துவதாக" என்றாகும். இரண்டாவதில் "என் நாமத்தைத் துதிக்காதீர்கள்" என்றாகும். ஏடு எழுதுவோரின் கையில் எத்தனை பெரிய பொறுப்பு இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எழுப்புதல்குரல் எழுதியது:

சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். பித்தனைப் போல ஆர்ப்பரித்தல் என்ற விளக்கத்தை நானும் என் போதகரிடம் கேட்டிருக்கிறேன். அதனால் ஜெபக்கூட்டங்களில் பலர் வெட்கத்தை விட்டுத் துதித்ததையும் கண்டிருக்கிறேன். தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் தன் முழு பலத்தோடும் நடனம் பண்ணினான். 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் அவன் ஆகீஸ் ராஜாவுக்கு முன்பாகப் பித்தங்கொண்டவனைப் போல நடந்துகொண்ட இடத்திலும் இதே வேர்ச்சொல்தான் இருக்கிறது. ஆகவே அந்த விளக்கத்தை முழுவதும் தள்ளிவிட வேண்டுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சகோதரரே, உங்கள் கூட்டங்களில் மக்கள் மனந்திறந்து துதிப்பதைக் குறைத்துப் பேச எனக்கு எந்த எண்ணமும் இல்லை. சொல்லின் பொருளை மட்டும் பார்ப்போம்.

எபிரெய வினைகள் ஒரே மூன்று மெய்களை வெவ்வேறு வாய்பாடுகளில் வார்த்து வெவ்வேறு பொருள் தருகின்றன. ஆகீஸுக்கு முன்பாகத் தாவீது நடந்துகொண்டதைச் சொல்லும் வினை, தன்னைத் தானே ஒரு நிலைக்கு ஆளாக்கிக்கொள்வதைக் குறிக்கும் "ஹித்போலேல்" வாய்பாட்டில் உள்ளது. அல்லேலூயாவில் இருப்பது "பியேல்" வாய்பாடு; இந்த வாய்பாட்டில் இவ்வினை துதித்தல், புகழ்தல் என்ற பொருளிலேயே வருகிறது. ஒரு வாய்பாட்டின் பொருளை எடுத்து இன்னொன்றில் ஊற்றினால், பிரபுக்கள் சாராயைப் பற்றிப் பித்தரைப் போலக் கூச்சலிட்டார்கள் என்றும் கொள்ள வேண்டிவரும்.

தாவீது பெட்டிக்கு முன் ஆடிய 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில் ஆடுவதற்கும் குதிப்பதற்கும் வேறு வினைகள் வருகின்றனவே தவிர, ஹ-ல-ல என்ற வேர் அங்கே இல்லை. அதே நிகழ்ச்சியை விரித்துச் சொல்லும் 1 நாளாகமம் 16ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. பெட்டிக்கு முன்பாக நின்று பிரஸ்தாபம் பண்ணவும், ஸ்தோத்திரம் செலுத்தவும், துதிக்கவும் லேவியரைத் தாவீது நியமித்ததாக 4ஆம் வசனம் சொல்கிறது. அங்கே "துதிக்க" என்பது ஒழுங்குபடுத்தப்பட்ட ஊழியம். கைத்தாளமும் தம்புருவும் சுரமண்டலமும் குறித்த ஆட்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. எஸ்றா 3ஆம் அதிகாரத்தில் ஆலயத்தின் அஸ்திபாரம் போடப்பட்டபோதும் ஆசாபின் குமாரர் கைத்தாளங்களோடு நின்று இந்த வினை குறிக்கும் செயலையே செய்தனர். அன்றைய முழக்கம் வெகுதூரம் கேட்டது என்று அந்த அதிகாரமே சொல்கிறது. ஆகவே உரத்த குரலுக்கு இடம் உண்டு. அறிவை விட்டுவிடுவது மட்டும் இந்தச் சொல்லின் பொருளில் இல்லை.

சங்கீதப்பிரியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறேன். இதை மொழிபெயர்க்காமல் விட்டது யார்? மேலும், ஒரு நடைமுறைக் கேள்வி: 113ஆம் சங்கீதத்தின் கடைசியில் வரும் அல்லேலூயாவை அந்தச் சங்கீதத்தோடு முடித்துப் பாடுவதா, அடுத்ததாக நாங்கள் பாடவிருக்கும் 114ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகப் பாடுவதா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதல் கேள்விக்கு: சங்கீதங்களைக் கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்களே இதை ஒலிபெயர்ப்பாக விட்டுவிட்டனர். மற்ற இடங்களில் "துதியுங்கள்" என்று மொழிபெயர்த்தவர்கள், இந்தச் சொல்லை மட்டும் சங்கீதங்களின் தலைப்பில் "அல்லேலூயா" என்று அப்படியே வைத்தனர். எபிரெயம் பேசாத யூதர்களிடையேயும் அது வழிபாட்டின் முழக்கமாக ஏற்கனவே வழங்கியிருக்க வேண்டும் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் அதே கிரேக்க வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஆமென், அல்லேலூயா போன்ற எபிரெயச் சொற்கள் ஏன் இப்படியே நிற்கின்றன என்று மர்செல்லா என்ற பெண்மணி கேட்டதற்கு எரோணிமுஸ் 384 வாக்கில் கடிதம் எழுதிப் பதிலளித்தார். உங்கள் மாணவியின் கேள்வி அவ்வளவு பழையது.

கிரேக்க எழுத்தில் சொல்லின் நடுவிலும் இறுதியிலும் ஹகரத்தைக் காட்ட வழியில்லை. இந்தச் சொல்லின் தொடக்கத்திலும் அது காட்டப்படவில்லை. எபிரெயத்தில் மிகக் குறுகி ஒலிக்கும் நடு உயிரைக் கிரேக்கர் நெடிலாக எழுதினர். அல்-லே-லூ-யா என்ற நம் தமிழ் வடிவத்தை அசை அசையாகப் பிரித்தால், அது எபிரெயத்தைவிடக் கிரேக்க வடிவத்தோடுதான் பொருந்துகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் சங்கீதங்களில் இதை மொழிபெயர்த்துவிட்டு வெளிப்படுத்தினத்தில் மட்டும் ஒலிபெயர்த்தது. அதனால் ஆங்கில வாசகருக்கு இரண்டும் ஒரே சொல் என்பது கண்ணில் படுவதில்லை. நம் பழைய தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் அல்லேலூயா என்றே வைத்திருப்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

இரண்டாவது கேள்வியைத் தால்மூத் (பழைய யூத ஆசிரியர்களின் விவாதத் தொகுப்பு) காலத்து ஆசிரியர்களே விவாதித்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். அதில் பெசாஹீம் என்ற பகுதியில், அல்லேலூயா அதிகாரத்தின் முடிவுக்கு உரியது என்று ராவ் ஹிஸ்தாவும், தொடக்கத்துக்கு உரியது என்று ரப்பா பார் ராவ் ஹூனாவும் கூறுகின்றனர். எபிரெய ஏட்டில் நீங்கள் சொல்லும் அல்லேலூயா 113இன் முடிவில் நிற்கிறது. கிரேக்கத்தில் அது 114இன் தலைப்பாக நகர்ந்துவிட்டது. இது ஒரே சொல்லா, இரண்டு சொற்களா என்பதும் அதே பக்கத்தில் விவாதிக்கப்படுகிறது. தாம் பார்த்த ஒரு சங்கீத ஏட்டில் "ஹலெலூ" ஒரு வரியிலும் "யாஹ்" அடுத்த வரியிலும் எழுதப்பட்டிருந்ததாக ராவ் என்ற ஆசிரியர் சொல்கிறார். இறுதிப் பகுதி திருநாமமா அல்லவா என்பதைப் பொறுத்து, அதை எழுதுவதிலும் அழிப்பதிலும் காட்ட வேண்டிய கவனம் மாறும். அதனால்தான் இத்தனை அக்கறை. இன்றும் மரபு தவறாத யூதர்கள் பலர் வழிபாட்டுக்கு வெளியே இச்சொல்லைக் குறிப்பிட நேர்ந்தால், நாமத்தின் ஒலியை மாற்றி "ஹலெலூகா" என்பர்.

உங்கள் குழுவுக்கு என் ஆலோசனை இது. ஏறக்குறைய 200ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சுக்கா என்ற பகுதியில், ஒருவர் ஹல்லேலை ஓதும்போது கேட்போர் அல்லேலூயா என்று மறுமொழி சொல்லும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. எனவே 113இன் முதல் அல்லேலூயாவை ஒரே ஒருவர் தனிக்குரலில் சபையைப் பார்த்துப் பாடட்டும். சபையார் அதைத் திருப்பிச் சொல்லட்டும். கடைசி அல்லேலூயாவைக் குழு முழுவதும் பாட, இடைவெளி விடாமல் 114க்குள் செல்லலாம். அப்படிச் செய்தால் இரண்டு ஆசிரியர்களின் கருத்துக்கும் இடம் கிடைக்கும்.

சங்கீதப்பிரியன் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. முதல் அல்லேலூயாவைத் தனிக்குரலில் பாடும் பொறுப்பை, கேள்வி கேட்ட அந்த மாணவியிடமே கொடுக்கிறேன். சபையார் திருப்பிச் சொல்வதற்கு வசதியாக அதைச் சற்றுத் தாழ்ந்த சுருதியில் அமைத்து, வரும் சனிக்கிழமைப் பயிற்சியில் பாடிப் பார்க்கிறோம்.